பதினெட்டுச் சீட்டில் ஒரு கேரக்டர்

ஆளுக்கு ஒரு கேரக்டரை ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாகசக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் புதுக் கேரக்டருக்கான திறன் எண்களை எங்கள் குழுவில் இப்போது பகடை உருட்டி எடுப்பதில்லை. சாதாரணச் சீட்டுக்கட்டிலிருந்து பிரித்தெடுத்த 18 சீட்டைக் கலைத்து, மூன்று மூன்றாக ஆறு குவியல் போடுகிறோம். ஒவ்வொரு குவியலின் கூட்டுத்தொகையும் ஒரு திறன் எண். யாருக்கு எப்படி விழுந்தாலும் ஆறு குவியலும் சேர்ந்து 72தான் வரும். ஆனால் அந்த 72 எப்படிப் பிரியும் என்பது சீட்டைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டை எப்படி அமைத்தேன், மேசையில் போட்டபோது எது ஒத்துவந்தது, எது இன்னும் சரியாகவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். டிஎம்-ஆக (டன்ஜன் மாஸ்டராக) ஆட்டம் நடத்துகிற யாருக்காவது பயன்படும்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒவ்வொரு கேரக்டருக்கும் ஆறு திறன்கள்: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 18 வரை ஓர் எண். அந்த எண்ணில் 10-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, அரை வந்தால் கீழே தள்ளிவிட்டால் கிடைப்பது மாடிஃபையர். 10, 11 என்றால் பூஜ்யம். 14 என்றால் கூட்டல் 2. 18 என்றால் கூட்டல் 4. 8 என்றால் கழித்தல் 1. வாள் வீசும்போதும், மதில் ஏறும்போதும், விஷத்தைத் தாங்கும்போதும் இருபது பக்கப் பகடையோடு சேர்வது இந்த மாடிஃபையர்தான்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் வழக்கமான முறை இது: ஆறு பக்கப் பகடை நான்கை உருட்டி, மிகச் சிறியதை விட்டுவிட்டு, மீதி மூன்றைக் கூட்டு. இப்படி ஆறு முறை. வந்த எண்களை விருப்பம்போல் திறன்களுக்குப் பிரித்துக்கொள். நாங்களும் அப்படித்தான் ஆடிவந்தோம்.

அந்த முறையின் கணக்கை முதலில் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். நான்கு ரேண்டம் எண், அவற்றின் கூட்டுத்தொகை, அதிலிருந்து சிறியதைக் கழிக்கும் சூத்திரம், ஆறு வரிசை. அவ்வளவுதான், யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு திறனின் சராசரி சுமார் 12.24. ஆறும் சேர்ந்தால் சுமார் 73.5. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரவல்தான் என்னை நிறுத்தியது. ஆறு எண்களின் கூட்டுத்தொகைக்குத் திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 7. அதாவது, மூன்றில் இரண்டு பேர் 66-க்கும் 80-க்கும் இடையில் இருப்பார்கள். மூன்றாமவர் அதற்கு வெளியே. நான்கு பேர் ஆடும் மேசையில் அதிகம் வாங்கியவருக்கும் குறைவாக வாங்கியவருக்கும் உள்ள இடைவெளி சராசரியாக 14 புள்ளி. இது எப்போதோ ஒருமுறை நடக்கிற விபத்து அல்ல. எந்த மேசையிலும் எதிர்பார்க்க வேண்டிய சாதாரண இடைவெளி.

அந்த இடைவெளி ஆட்டத்தில் என்ன செய்யும் என்று கோப்ளின் என்ற குட்டி அரக்கனை வைத்துப் பார்த்தேன். 2014 விதிப்படி கோப்ளினின் கவச எண் 15 (உருட்டியதும் கூடுதல்களும் சேர்ந்து இதைத் தொட்டால்தான் அடி விழும்), உயிர்ப்புள்ளி 7 (சேதம் இதைத் தொட்டால் சாவு). முதல் நிலைப் போர்வீரர்கள் இரண்டு பேர், இருவர் கையிலும் எட்டுப் பக்கப் பகடையில் சேதம் தரும் நீள்வாள், ஒருவருக்கு வலிமை 18, மற்றவருக்கு 14. பயிற்சிக்கான கூட்டல் 2-ஐச் சேர்த்தால், முதலாமவர் 9 உருட்டினாலே அடி விழும்: 60 சதவீதம். இரண்டாமவருக்கு 11 வேண்டும்: 50 சதவீதம். மாடிஃபையர் சேதத்திலும் சேரும் என்பதால், அடி விழுந்தபின் ஒரே வீச்சில் கோப்ளின் சாக, முதலாமவருக்குச் சேதப் பகடையில் 3 போதும், இரண்டாமவருக்கு 5 வேண்டும். பகடையில் நேராக 20 விழுந்தால் வரும் கூடுதல் சேதத்தை விட்டுவிட்டுப் பெருக்கினால், ஒரு வீச்சில் கோப்ளினைச் சாய்க்கும் வாய்ப்பு ஒருவருக்கு 45 சதவீதம், இன்னொருவருக்கு 25. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே வேலையைச் செய்கிற இருவருக்கு இடையே இவ்வளவு வித்தியாசம்.

இதைக் குழுவில் சொன்னபோது, எங்களில் வயதில் சிறியவன் கேட்ட கேள்வி நியாயமானது. "பகடை எல்லாருக்கும் ஒண்ணுதானே அண்ணா? வாய்ப்பு சமம்தானே? இதுல அநியாயம் எங்க இருக்கு?"

வாய்ப்பு சமம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சம வாய்ப்பு என்பது திரும்பத் திரும்ப வரும்போதுதான் ஆளுக்கு ஆள் ஈடாகும். சண்டையில் இருபது பக்கப் பகடையை ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான முறை உருட்டுகிறோம். இன்று மோசமாக விழுந்தால் அடுத்த வாரம் நன்றாக விழும். தாயம் விளையாடும்போதும் இதே கதைதான்: தாயம் விழாமல் காயை வெளியே எடுக்க முடியாமல் தவிப்பவருக்கு, சாயங்காலத்துக்குள் இன்னோர் ஆட்டம் இருக்கிறது. கேரக்டர் உருவாக்கும்போது உருட்டுவது மட்டும் ஒரே தடவை. அன்று விழுந்த ஆறு எண்ணோடு ஒருவர் ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் வாழ வேண்டும். அந்த அதிர்ஷ்டம் தன் கடனைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு வாய்ப்பே வருவதில்லை. எனக்குப் பகடையோடு சண்டை இல்லை. அந்த ஒரு உருட்டின் ஆயுள்தான் பிரச்சினை.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை முதன்முதலாக வெளியிட்டபோது நிலைமை வேறு. அப்போதும் மூன்று பகடை உருட்டினார்கள், அதுவும் விழுந்த வரிசையிலேயே, மாற்றிப் போட அனுமதி இல்லாமல். ஆனால் அந்த எண்களுக்கு இன்றைய கனம் கிடையாது. முதல் விதிநூலில் வலிமை 18 உள்ள போர்வீரனின் வாள்வீச்சுக்குக் கூடுதல் எதுவும் இல்லை. அனுபவப் புள்ளியில் 10 சதவீதம் கூடும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வந்த துணைநூலில்தான் வலிமைக்குத் தாக்குதலிலும் சேதத்திலும் பங்கு வந்தது. கேரக்டர்கள் சீக்கிரம் செத்தார்கள், சில நிமிடத்தில் அடுத்தவரை உருட்டி உள்ளே வந்தார்கள். உருட்டல் திரும்பத் திரும்ப நடந்ததால் அதிர்ஷ்டமும் ஓரளவு சமமானது. பிறகு எண்களின் கனம் கூடியது, கேரக்டர்களின் ஆயுளும் நீண்டது. பகடை மட்டும் பழைய இடத்திலேயே இருந்துவிட்டது.

கைகாக்ஸுக்கே இது தெரிந்திருந்தது. 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்களுக்கான கையேட்டில், மூன்று பகடையில் வரும் சுமாரான கேரக்டர்கள் சீக்கிரம் சாகின்றன, அது புதிதாக ஆட வருபவர்களைச் சோர்வடைய வைக்கிறது என்று எழுதி, நான்கு மாற்று முறைகளைக் கொடுத்தார். நான்கு பகடையில் சிறியதை விடும் முறை அவற்றில் முதலாவது. நான்குமே எண்களை உயர்த்துகின்றன. ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி எதுவுமே கவலைப்படவில்லை. எங்கள் மேசையில் வலித்தது அந்த இடைவெளிதான்.

இதற்கு ஏற்கெனவே இருக்கும் மருந்து பாயிண்ட் பை, அதாவது புள்ளி கொடுத்துத் திறன் எண்களை வாங்கும் முறை. ஐந்தாம் பதிப்பில் ஆளுக்கு 27 புள்ளி. எல்லாத் திறனும் 8-இல் தொடங்கும். 13 வரை படிக்கு ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் படிக்கு இரண்டு. 15-க்கு மேல் வாங்க முடியாது. எல்லோருக்கும் ஒரே பணம், ஒரே விலைப்பட்டியல். அதில் அநியாயம் இல்லை. ஆனால் அதோடு ஆடியபோது எங்கள் மந்திரவாதிகள் எல்லோரும் உடன்பிறப்புகள்போல வந்து நின்றார்கள்: அறிவு 15, லாவகம் 15 அல்லது 14, உடலுறுதி அதே மாதிரி, வலிமை 8. மூன்று 15, மூன்று 8 என்று எடுத்தால் 27 புள்ளி கச்சிதமாகச் செலவாகும். கொஞ்சம் கணக்குத் தெரிந்த எவரும் அங்கேதான் போய் நிற்பார்கள். வலிமை மிகுந்த மந்திரவாதியை யாரும் கைக்காசு போட்டு வாங்க மாட்டார்கள். அப்படி ஒருவன் பிறக்க வேண்டுமானால் அவன் தற்செயலாகத்தான் பிறக்க வேண்டும். எதிர்பாராத ஒரு ஆளை எதிர்கொள்ளும் சுகம் இந்த ஆட்டத்தின் உயிர்களில் ஒன்று. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

இடையில் இன்னொரு வழியையும் யோசித்தோம். ஆளுக்கு ஒரு செட் உருட்டுவது, பிறகு மேசையில் இருக்கும் எந்தச் செட்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வது. நியாயமானது, எளிதானது. ஆனால் எல்லோரும் ஒரே செட்டைத்தான் எடுப்பார்கள். நால்வரில் சிறந்த செட்டின் கூட்டுத்தொகை சராசரியாக 80-ஐத் தொடும் என்பதால் அத்தனை பேரும் மாவீரர்களாகிவிடுவார்கள். கோப்ளின்கள் பாவம். ஒரு நாள் மட்டும் நடக்கும் ஆட்டத்துக்கு இந்த முறையைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

எனக்கு வேண்டியது இதுதான்: மொத்தம் எல்லோருக்கும் ஒன்று, அது எப்படிப் பிரிகிறது என்பது மட்டும் தற்செயல். பகடையால் இது முடியாது. ஒரு பகடை 6 காட்டியதை அடுத்த பகடை அறியாது. சீட்டுக்கட்டால் முடியும். ஒரு 6 வெளியே வந்துவிட்டால் கட்டில் மிச்சமிருக்கும் 6-கள் குறைகின்றன. கட்டு முழுவதையும் போட்டு முடித்தால் மொத்தம் மாறவே மாறாது.

கட்டு அமைத்தது

தொடக்கத்துக்கு மிக எளிய கட்டு: ஏஸ் முதல் 6 வரை ஒவ்வொன்றிலும் மூன்று. ஏஸுக்கு மதிப்பு 1. மொத்தம் 18 சீட்டு, கூட்டுத்தொகை 63. இது 1974-இன் மூன்று பகடைக்குச் சமமான கட்டு. அங்கும் ஆறு திறன்களின் சராசரி 63தான். பழைய பாணியில் இருட்டுக் குகை ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு இதுவே போதும். ஐந்தாம் பதிப்பில் அரக்கர்களின் கனத்துக்கு 63 பற்றாது. அந்தப் பதிப்பு உருட்ட விரும்பாதவர்களுக்குத் தரும் ஆயத்த வரிசை 15, 14, 13, 12, 10, 8. கூட்டினால் 72. ஆகவே 72-ஐ இலக்காக வைத்துக்கொண்டேன்.

ஒரு சீட்டுக்கட்டில் ஏஸ் முதல் 6 வரை 24 சீட்டு, கூட்டுத்தொகை 84. அதிலிருந்து ஆறு சீட்டை எடுக்க வேண்டும், எடுப்பவை கூட்டினால் 12 வர வேண்டும். பல வழிகள் உண்டு. மூன்று ஏஸையும் மூன்று 3-ஐயும் எடுத்தாலும் 12 வரும். நான் தேர்ந்தது மூன்று ஏஸ், ஒரு 2, ஒரு 3, ஒரு 4. மீதி: ஒரு ஏஸ், மூன்று 2, மூன்று 3, மூன்று 4, நான்கு 5, நான்கு 6. பதினெட்டுச் சீட்டு, 72. இதில் எனக்குப் பிடித்தது அந்த ஒற்றை ஏஸ். அது எந்தக் குவியலில் விழுகிறதோ அங்கே அநேகமாக ஒரு பலவீனம் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு பள்ளம் கிட்டத்தட்ட உறுதி. எங்கே என்பது மட்டும் தெரியாது.

இதன் உச்சங்களைக் கையால் கணக்கிடலாம். ஒரு குவியலில் 18 விழ மூன்று 6 சேர வேண்டும். 18 சீட்டில் மூன்றைத் தேர்வதற்கு 816 வழிகள். நான்கு 6-இல் மூன்றைத் தேர்வதற்கு 4 வழிகள். ஆறு குவியல், ஆகவே 816-இல் 24, அதாவது 34 கேரக்டரில் ஒருவருக்கு 18. நான்கு பகடை முறையில் இது சுமார் 9 சதவீதம். கட்டில் 3 சதவீதம். 17 அல்லது அதற்கு மேல் ஒன்றாவது இருப்பது கட்டில் சுமார் 20 சதவீதம், பகடையில் 30. கீழே பார்த்தால், கட்டில் 5-க்குக் கீழே விழவே முடியாது. ஏஸோடு இரண்டு 2 சேரும் அந்த 5-உம் 45 கேரக்டரில் ஒருவருக்குத்தான். ஆக, கட்டு பகடையைவிடக் கொஞ்சம் சாதுவானது. அந்தச் சாதுத்தனத்தை நான் ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் ஆளுக்கு ஆள் இருந்த 14 புள்ளி இடைவெளி பூஜ்யமாகிவிட்டது.

சீட்டு போடும் விதத்தில் கவனம் வேண்டும். ஆட்டம் முடிந்து குவியல்களை அப்படியே அள்ளி அடுக்கினால் 6, 6, 5 என்று ஒட்டிய சீட்டுகள் ஒட்டியபடியே இருக்கும். 18 சீட்டு கையில் பிடித்துக் கலைக்கவும் வசதிப்படாது, மிக மெல்லிய கட்டு. மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் நன்றாகக் கிளறி, பிறகு சேர்த்து, பக்கத்தில் இருப்பவரை ஒரு வெட்டு வெட்டச் சொல்கிறோம். போடும்போதும் ஒரே குவியலுக்கு மூன்றாகப் போடாமல், ஆறு குவியலுக்கும் ஒவ்வொன்றாக மூன்று சுற்று. ஒரே கட்டு மேசையைச் சுற்றி வருகிறது. ஒவ்வொருவரும் மற்ற எல்லோர் கண் முன்னால் தன் கேரக்டரைப் போடுகிறார். "வீட்டிலேயே உருட்டிட்டு வந்துட்டேன், மூணு 17" என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. அந்தப் பேச்சு உண்மையாகவே இருந்தாலும் மேசையில் ஒரு சின்னச் சந்தேகத்தை விட்டுவிட்டுப் போகும். நட்பான குழுவுக்கு அது நல்லதல்ல.

முதல் இரண்டு சுற்றைத் திறந்து போட்டு, மூன்றாம் சுற்றைக் கவிழ்த்துப் போடுகிறோம். கடைசிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பும்போது பகடை உருளும் சத்தத்துக்கு ஈடான ஒரு பரபரப்பு வருகிறது. பகடையைக் கையில் குலுக்கும் சுகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒருவர் எங்களில் இருக்கிறார். அவரைச் சமாதானப்படுத்தியது இந்தத் திருப்பல்தான்.

ஒற்றை எண்கள்

மொத்தம் ஒன்றானால் நியாயம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாடிஃபையர் இரண்டு படிக்கு ஒருமுறைதான் ஏறும். 15-உம் 14-உம் ஒரே கூட்டல் 2. ஆகவே ஒவ்வொரு ஒற்றை எண்ணும் அரைப் புள்ளியை வீணாக்குகிறது. கூட்டுத்தொகை 72 என்ற இரட்டை எண் என்பதால், ஆறு திறனில் ஒற்றை எண்கள் 0, 2, 4, 6 என்ற கணக்கில்தான் இருக்க முடியும். மாடிஃபையர்களைக் கூட்டினால் முறையே 6, 5, 4, 3. ஆயத்த வரிசையில் 15, 13 என இரண்டு ஒற்றை எண். மாடிஃபையர்களின் கூட்டு 5. எங்கள் கட்டில் பெரும்பாலும் 4 அல்லது 5 வருகிறது. எப்போதாவது ஒருவருக்கு 3, இன்னொருவருக்கு 6. பகடையின் இடைவெளியோடு ஒப்பிட்டால் இது தூசு. இருந்தாலும், முழுக்க விதியின் கையில் விடாமல் ஆடுபவர் கைக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த எண்ணத்தைக் கொடுத்தது டிராவலர் என்ற விண்வெளி ஆட்டம். மார்க் மில்லர் வடிவமைத்து 1977-இல் வந்தது. அதில் கேரக்டர் உருவாக்கும்போதே கேரக்டர் செத்துப்போகலாம். நான்கு ஆண்டுப் பணிக்காலம் ஒவ்வொன்றுக்கும் உயிர் பிழைக்க ஒரு உருட்டு. தவறினால் ஆள் காலி, புதிதாகத் தொடங்கு. கேட்பதற்குக் கொடூரம். ஆனால் இன்னொரு காலம் பணியில் நீடித்து இன்னும் திறமை சேர்ப்பதா, இருப்பதை வைத்துக்கொண்டு வெளியேறுவதா என்பதை ஆடுபவர்தான் முடிவு செய்கிறார். விதி வந்து விழும் இடத்துக்கும் அதன் விளைவுக்கும் நடுவே ஒரு முடிவெடுக்கும் இடம் இருக்கிறது. பகடையின் அடியை ஆடுபவர் ஏற்றுக்கொள்வதற்கு அந்த இடம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

ஆகவே எங்கள் விதி: குவியல்கள் வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற வரிசையிலேயே விழும். அதன்பின் இரண்டே இரண்டு மாற்றம். முதலில், ஏதாவது இரண்டு முழுக் குவியல்களை இடம் மாற்றலாம். அப்புறம், ஏதாவது இரண்டு குவியல்களுக்கு இடையே ஒரு சீட்டைக் கொடுத்து ஒரு சீட்டை வாங்கலாம். கூட்டுத்தொகை 72 அசையாது. எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விட்டிருந்தால் பாயிண்ட் பையின் அச்சுக்கே திரும்பியிருப்போம். ஒரு மாற்றமும் இல்லை என்றால், போர்வீரனாக ஆட ஆசைப்பட்டு வந்தவர் கையில் நோஞ்சான் விழுவார்.

உண்மையாக விழுந்த ஒன்றைக் காட்டுகிறேன். வலிமை 2, 5, 4: பதினொன்று. லாவகம் 6, 3, 5: பதினான்கு. உடலுறுதி 2, 6, 3: பதினொன்று. அறிவு 6, 5, 4: பதினைந்து. விவேகம் 1, 3, 2: ஆறு. வசீகரம் 4, 5, 6: பதினைந்து. ஆடுபவருக்குப் போர்வீரன் வேண்டும். வசீகரக் குவியலையும் வலிமைக் குவியலையும் இடம் மாற்றினார். வலிமை 15, வசீகரம் 11. அடுத்து, வலிமையிலிருந்து 5-ஐ அறிவுக்குக் கொடுத்து அங்கிருந்து 6-ஐ வாங்கினார். வலிமை 16, அறிவு 14. இரண்டு ஒற்றை எண்கள் ஒரே சீட்டு மாற்றத்தில் இரட்டையாயின. மாடிஃபையர்களின் கூட்டு 4-லிருந்து 5. இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கண்டுபிடித்தார். ஒற்றை எண் உள்ள ஒரு குவியலிலிருந்து ஒற்றைச் சீட்டையும், ஒற்றை எண் உள்ள இன்னொன்றிலிருந்து இரட்டைச் சீட்டையும் மாற்றினால் இரண்டுமே இரட்டையாகும். இது பெரும்பாலான நேரம் அமையும்.

கடைசியில் நின்ற ஆள்: வலிமை 16, லாவகம் 14, உடலுறுதி 11, அறிவு 14, விவேகம் 6, வசீகரம் 11. பாயிண்ட் பையில் விவேகம் 6 என்ற எண்ணே கிடையாது. அறிவு 14 உள்ள போர்வீரனை யாரும் வாங்குவதும் இல்லை. ஆடியவர் இவனைக் கோட்டை கட்டும் மேஸ்திரியின் மகனாக்கினார். எந்தச் சுவர் எங்கே இடியும் என்று பார்த்தவுடன் சொல்வான். யார் பொய் சொல்கிறார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவே தெரியாது. மயக்கும் மந்திரம் போட்டால் அநேகமாக விழுவான். மற்றவர்கள் அவனை நடுவில் வைத்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். இந்த ஆள் எங்களில் யாருடைய தலையிலும் உட்கார்ந்து யோசித்து வந்தவன் இல்லை, சீட்டில் வந்தவன். அதே சமயம் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவரைவிட மொத்தத்தில் ஒரு புள்ளிகூடக் குறைந்தவனும் இல்லை. நான் தேடியது இதைத்தான்.

இனம், பின்னணி ஆகியவற்றால் வரும் கூடுதல்களை இதற்குப் பிறகுதான் சேர்க்கிறோம். 2024 விதிகளின்படி பின்னணி தரும் கூட்டல் 2-உம் கூட்டல் 1-உம், அல்லது மூன்று கூட்டல் 1-உம், மிச்சமிருக்கும் ஒற்றை எண்களுக்கு நல்ல மருந்து.

சரியாகாத விஷயங்கள் இரண்டு. ஐந்து குவியல் திறந்தபின் ஆறாவது என்ன என்று கூட்டத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். கடைசித் திருப்பலில் பரபரப்பு இல்லை. இதற்கு வழி கண்டுபிடிக்க நான் மெனக்கெடவில்லை. மற்றது கொஞ்சம் பெரியது. எல்லா 72-உம் எல்லா வகுப்புக்கும் (போர்வீரன், மந்திரவாதி, துறவி போன்ற கேரக்டர் வகைக்கும்) சமமாக உதவாது. மந்திரவாதிக்கு ஒரே ஓர் எண் உயரமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. துறவிக்கு லாவகமும் விவேகமும் இரண்டும் வேண்டும். தட்டையாக 13, 12, 12, 12, 12, 11 என்று விழுந்தால் துறவி தடுமாறுவார். அப்படி எந்தக் குவியலும் 14-ஐத் தொடாவிட்டால், முழுக் கட்டையும் மறுபடி கலைத்துப் போட அனுமதிக்கிறோம். அதற்கும் மேல் போனால் விதிப்புத்தகமே எழுத வேண்டியிருக்கும்.

கட்டு வந்தபின் அடுத்த கேள்வி தானாக வந்தது: உயிர்ப்புள்ளி. நிலை ஏறும்போதெல்லாம் போர்வீரன் பத்துப் பக்கப் பகடையை உருட்டிச் சேர்க்கலாம், அல்லது புத்தகம் தரும் நிலையான 6-ஐ எடுத்துக்கொள்ளலாம். இதுவும் ஒரே தடவை உருட்டி, கடைசிவரை சுமக்கும் எண். இங்கேயும் கட்டு போடலாம் என்று 1 முதல் 10 வரை பத்துச் சீட்டு எடுத்து, நிலைக்கு ஒன்றாக உருவும் முறையை யோசித்தேன். ஆனால் கட்டு முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு சமமாகும். பத்து நிலை ஏறும்வரை பெரும்பாலான ஆட்டங்கள் நீடிப்பதில்லை. பாதியில் நின்றுபோன கட்டு மறுபடியும் பகடையேதான்.

இப்போது செய்து பார்ப்பது இது. இரண்டாம் நிலையில் பகடையை உருட்டு. மூன்றாம் நிலையில் உருட்டாதே. 12-லிருந்து முந்தைய எண்ணைக் கழித்து எடுத்துக்கொள். 3 விழுந்திருந்தால் அடுத்தது 9. 10 விழுந்திருந்தால் அடுத்தது 2. நான்காம் நிலையில் மறுபடி உருட்டு. இரண்டு நிலைக்கு ஒருமுறை எல்லோரும் புத்தகத்தின் நிலையான கணக்கோடு சமமாகிவிடுவார்கள். நடுவில் ஒரு நிலை மட்டும் ஒருவர் மெலிந்தும் இன்னொருவர் தடித்தும் இருப்பார். 12 என்பது நிலையான 6-இன் இரு மடங்கு. எட்டுப் பக்கப் பகடை உள்ள வகுப்புகளுக்கு 10, மந்திரவாதியின் ஆறு பக்கப் பகடைக்கு 8, பன்னிரண்டு பக்கப் பகடை உருட்டும் பார்பேரியனுக்கு 14.